தீக்குச்சி நெடியிலிருந்து அமில மழை வரை: நகரக் காற்று மாசு பற்றி ஓர் எளிய விளக்கம்

தீக்குச்சியை உரசியவுடன் மூக்கைக் குத்துகிற ஒரு நெடி வருமே, அது கந்தக டை ஆக்சைடு. குச்சியின் தலையில் இருக்கும் துளிக் கந்தகம் எரிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகிற வாயு. இரண்டு மூன்று நொடியில் நெடி அடங்கிவிடும். வாயு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அறையின் காற்றில் பரவிவிட்டதால் மூக்குக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

காற்று மாசு, அமில மழை பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. புகை மேலே ஏறிப் போய்விட்டால் தொல்லை விட்டது என்று நினைக்கிறோம். மழை பெய்தால் காற்றைக் கழுவிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். கழுவிய அழுக்கு எங்கே விழுந்தது என்று கேட்பதில்லை. இன்னொரு பக்கம், அமில மழை என்றால் தோலைப் பொசுக்கிவிடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் காற்று மாசைத் தனிப் பாடமாகவும் அமில மழையை எங்கோ ஒரு பத்தியாகவும் பிரித்துப் படித்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். நகரத்தில் ஒருவர் மூச்சு வாங்குவதும், பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரியில் மீன் முட்டை பொரியாமல் போவதும் ஒரே வாயுவின் வேலையாக இருக்க முடியும். அந்த வாயுவின் பின்னாலேயே நடந்து பார்ப்போம்.

## காற்றில் என்னென்ன கலக்கிறது

சுத்தமான உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். மீதியில் பெரும்பங்கு ஆர்கான். மாசின் அளவு இவற்றின் பக்கத்தில்கூட வராது. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ எடை இருக்கும். அதற்குள் 100 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தாலே அந்தக் காற்று மோசமானது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். ஆனால் வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 10,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறார். உணவும் நீரும் சேர்ந்தாலும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அழுக்குத் தண்ணீரை வேண்டாம் என்று ஒதுக்கலாம். மூச்சை ஒதுக்க முடியாது.

மாசுகளில் முதல் வகை துகள்கள். புழுதி, சாம்பல், கரி, டயர் தேய்ந்த பொடி எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். குறுக்களவு 10 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் பி.எம். 10, 2.5 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் பி.எம். 2.5. மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஆகவே பி.எம். 2.5 துகள்களை முடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் இருபதுக்கு மேல் அடுக்கலாம். பெரிய துகளை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். இந்தச் சின்னது எல்லாக் காவலையும் தாண்டி நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும்.

இரண்டாவது வகை வாயுக்கள். தீக்குச்சியில் பார்த்த கந்தக டை ஆக்சைடு இதில் முக்கியமானது. நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் கந்தகம் இயல்பாகவே இருக்கிறது. நிக்கல், தாமிரம் போன்ற உலோகங்களின் தாதுக்களிலும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் நிலக்கரியில் 1 சதவீதம் கந்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10 கிலோ. எரியும்போது அது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளும். முழுவதும் எரிந்தால் 20 கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியே வரும். அதே வாயு பிறகு நீரோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறினால் ஏறக்குறைய 30 கிலோ. உள்ளே போனது 10 கிலோ, வானத்திலிருந்து இறங்குவது 30 கிலோ! பெரிய அனல் மின்நிலையம் ஒன்று நாளொன்றுக்குப் பல ஆயிரம் டன் நிலக்கரியை எரிக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நைட்ரஜன் ஆக்சைடுகள். இவை கொஞ்சம் விசித்திரமானவை. எரிபொருளில் நைட்ரஜன் துளிகூட இல்லாவிட்டாலும் இவை உண்டாகும். காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சாதாரண வெப்பத்தில் ஒன்றையொன்று தொடுவதில்லை. என்ஜினுக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் இருக்கும் கடும் வெப்பத்தில்தான் சேர்ந்துகொள்கின்றன. மின்னல் வெட்டும்போது நடப்பதும் இதே வேலைதான். அதனால் 'சுத்தமான எரிபொருள்' என்று சொல்லப்படும் வாயுவை எரித்தாலும் நைட்ரஜன் ஆக்சைடு வரத்தான் செய்யும்.

கார்பன் மோனாக்சைடு என்று இன்னொன்று உண்டு. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வருவது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூடிய இடத்தில் இது உயிரையே எடுக்கும். அமில மழைக் கதையில் இதற்குப் பங்கு இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எரிப்பதிலிருந்து துகளும் வருகிறது, வாயுவும் வருகிறது. துகள் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியலாம். வாயு பெரும்பாலும் தெரியாது.

## வாயு காற்றிலேயே வேறாக மாறுகிறது

தண்ணீரில் போட்ட சர்க்கரை கண்ணுக்கு மறைந்தாலும் சர்க்கரையாகவே இருக்கும். வாயு மாசு அப்படிக்கூட இருப்பதில்லை. இரும்பு துருப்பிடிப்பதைப் போல, காற்றில் மிதந்தபடியே வேறொன்றாக மாறிவிடுகிறது. புகைபோக்கியிலிருந்தோ வாகனக் குழாயிலிருந்தோ நேரடியாக வருவதை முதல்நிலை மாசு என்பார்கள். அது காற்றில் மாறிப் பிறப்பது இரண்டாம்நிலை மாசு. இந்த இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் எளிதாகிவிடும்.

கந்தக டை ஆக்சைடுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மாறாமல் வாயுவாகவே யாராவது ஒருவரின் மூச்சுக்குள் போவது. மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உடனே தெரியும். இரண்டாவது, மேகத்தின் நீர்த்துளிக்குள் கரைந்து கந்தக அமிலமாவது. மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. அமிலமாக மாறிய கந்தகம் காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற உப்பாகிவிடும். அம்மோனியா பெரும்பாலும் உரமிட்ட வயல்களிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் வருவது. அப்படிப் பிறக்கும் உப்புத் துகளின் அளவு பி.எம். 2.5-க்குள் அடங்கிவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நுண்துகள் என்றவுடன் புழுதியும் கரியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நகரங்களில் அளக்கப்படும் பி.எம். 2.5-இல் கணிசமான பங்கு, வாயுவாகப் புறப்பட்டு வழியில் துகளானது. சாலையை எவ்வளவு கூட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. எங்கோ தொலைவில் இருக்கும் கொதிகலன்தான் அதன் பிறப்பிடம்.

நைட்ரஜன் ஆக்சைடுகளும் இதே வழிகளில் நைட்ரிக் அமிலமாகவும் நைட்ரேட் துகளாகவும் மாறும். கூடவே இன்னொரு வேலையும் செய்யும். வெயில் பட்டால் நைட்ரஜன் டை ஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு பிரியும். அது பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு ஓசோன் ஆகும். பெயின்ட், பெட்ரோல் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கார்பன் சேர்மங்களும் காற்றில் இருந்தால் ஓசோன் வேகமாகக் குவியும். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கண்ணை எரித்த பழுப்புப் படலம் இப்படித்தான் உண்டாகிறது என்று வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். அதுவரை காரைச் சந்தேகிக்காதவர்கள் அதன் பிறகு சந்தேகிக்க வேண்டியதாயிற்று.

ஓசோன் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அடிக்கடி வரும். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வாயுதான். 15 கிலோமீட்டருக்கு மேலே இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. நம் மூக்கு உயரத்தில் இருந்தால் நுரையீரலின் உள்தோலையும் பயிரின் இலையையும் அரிக்கிறது. கீழே உண்டாவது மேலே போய் அங்கே குறைந்ததை நிரப்பாது, அதற்குள் சிதைந்துவிடும்.

## சில நாட்களில் மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது

வாகனங்களும் ஆலைகளும் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. ஆனாலும் ஒரு நாள் வானம் தெளிவாக இருக்கிறது, இன்னொரு நாள் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. அதற்குக் காரணம் மேலே இருக்கும் மூடி.

வழக்கமாகத் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். சூடான காற்று மேலே ஏறும். புகையையும் தூக்கிக்கொண்டு போகும். குளிர்கால இரவுகளில் தரை வேகமாகக் குளிர்ந்து, தன்னைத் தொட்டிருக்கும் காற்றையும் குளிர வைத்துவிடும். இப்போது கீழே குளிர்ந்த காற்று, அதன் மேல் சற்றே வெப்பமான காற்று. கனமான குளிர்காற்று மேலே ஏறாது. கொதிக்கும் பானையைத் தட்டு போட்டு மூடியது போல, அன்றைய புகை எல்லாம் அந்த மெல்லிய அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளும். இதற்கு வெப்பநிலைத் தலைகீழ் நிலை என்று பெயர். காற்றும் வீசவில்லை என்றால் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது இதுதான். கடும் குளிர் என்பதால் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்தது, மின்நிலையங்களும் எரித்தன, மேலே மூடி விழுந்திருந்தது. புகையும் மூடுபனியும் கலந்த இந்தக் கலவைக்கு ஸ்மாக் என்ற பெயர் 1905-லேயே வந்துவிட்டது. தமிழில் பனிப்புகை என்கிறோம். அரங்குக்குள் பனிப்புகை நுழைந்து, பார்வையாளர்களுக்கு மேடை தெரியாமல் ஓபரா என்ற இசை நாடகம் ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. சாலைகளில் பேருந்துக்கு முன்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். ஐந்தாவது நாள் காற்று வீசிப் படலம் கலைந்த பிறகுதான் இறப்புக் கணக்கு வெளியே வந்தது. முதலில் 4,000 பேர் என்றார்கள். பின்னாளில் மறுபடி கணக்கிட்டவர்கள் 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். அந்த நாட்களில் பலர் அதை மூடுபனி என்றே நினைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கும் விஷயம். 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டு வந்தது.

## உடம்புக்குள் என்ன நடக்கிறது

காற்று மாசு நுரையீரல் நோய் என்று மட்டுமே நினைப்பது இன்னொரு பரவலான தவறு. பி.எம். 2.5 துகள் நுரையீரலின் காற்றறையில் உட்கார்ந்ததும் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கிறது, அழற்சி தொடங்குகிறது. மிக நுண்ணிய துகள்கள் இரத்தத்துக்குள்ளும் நுழையும். இரத்தக் குழாய்ச் சுவர்கள் மெல்ல மெல்லப் பாதிக்கப்பட்டு, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறக்கிறது. வெளிக் காற்று மாசால் ஏற்படும் அகால மரணங்களில் பெரும்பங்கு இதயமும் மூளை இரத்தக் குழாயும் சார்ந்தவை. 2019-இல் வெளிக் காற்று மாசால் மொத்தம் 42 லட்சம் அகால மரணங்கள் நிகழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மாரடைப்பில் போனவரின் சான்றிதழில் காற்று என்று யாரும் எழுத மாட்டார்கள். அதனால்தான் இந்த எண் நம் கண்ணில் படுவதில்லை.

அந்த நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக மக்கள்தொகையில் 99 சதவீதம் பேர் வாழும் இடங்களில் காற்று இந்த வழிகாட்டுதல் அளவுகளுக்கு உட்படவில்லை.

இந்த இடத்தில் காற்றுத் தரக் குறியீடு பற்றி இரண்டு வார்த்தை. செய்தியில் 180, 320 என்று வருகிற எண் அது. அது சதவீதமும் இல்லை, மைக்ரோகிராமும் இல்லை. ஒவ்வொரு மாசையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, அவற்றில் எது மிக மோசமோ அந்த மதிப்பெண்ணை மட்டும் அறிவிப்பார்கள். சராசரி எடுப்பதில்லை. மதிப்பெண் போடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால் ஒரே காற்றுக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண் காட்டினால், கருவி பொய் சொல்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். அடியில் இருக்கும் மைக்ரோகிராம் கணக்கைப் பார்த்து ஒப்பிடுவதுதான் நல்லது.

சுருக்கமாக: மாசு தினமும் உண்டாகிறது, மூடி விழும் நாட்களில் குவிகிறது, நுரையீரல் வழியாக இரத்த ஓட்டம் வரை போகிறது. இனி, மூடி இல்லாத நாட்களில் மேலே ஏறிப் போன வாயுவைத் தேடிப் போவோம்.

## அமில மழை என்றால் எவ்வளவு அமிலம்

ஒரு நீர்மம் எவ்வளவு புளிப்பு என்பதை அளக்க பி.எச். என்ற அளவுகோல் இருக்கிறது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒரு நுட்பம் உண்டு: ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும், இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு. அதனால் 5.6-க்கும் 4.6-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது.

மாசே இல்லாத மழையும் கொஞ்சம் அமிலம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைவதால் அதன் பி.எச். ஏறக்குறைய 5.6 இருக்கும். சோடாத் தண்ணீரில் குமிழியாக இருக்கும் அதே மென்மையான அமிலம். கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து இந்த அளவுக்குக் கீழே இழுத்துவிட்டால் அது அமில மழை. மாசு மிகுந்த பகுதிகளில் 4.2, 4.4 என்ற அளவில் இருக்கும்.

4.3 என்பது ஏறக்குறைய தக்காளிச் சாற்றின் புளிப்பு. ஆகவே அமில மழையில் நனைந்தால் தோல் வேகாது, முடி கொட்டாது. அந்தப் பயம் தேவையற்றது. அப்படியென்றால் எதற்கு இவ்வளவு கவலை? நாம் ஒரு நாள் நனைகிறோம். ஏரியும் மண்ணும் ஆண்டு முழுக்க, பல பத்தாண்டுகள் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன.

மழை என்ற சொல்லும் கொஞ்சம் தவறான எண்ணத்தைத் தருகிறது. மூடுபனி, பனிப்பொழிவு எல்லாவற்றிலும் இந்த அமிலம் இறங்கும். நீரே இல்லாமல் துகளாகவும் வாயுவாகவும் இலையிலும் கூரையிலும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இதை உலர் படிவு என்கிறார்கள். அடுத்த மழை அதைக் கரைத்து மண்ணுக்குள் கொண்டு போகும்.

அமில மழை என்ற சொல் புதிதல்ல. மான்செஸ்டரின் காற்றையும் மழையையும் அலசிய ஸ்காட்லாந்து வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், ஆலைப் புகைக்கும் மழையின் புளிப்புக்கும் உள்ள தொடர்பை 1852-இல் எழுதினார். 1872-இல் தன் நூலில் இந்தச் சொல்லையே பயன்படுத்தினார். அதன் பிறகு நூறு ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

## உயரமான புகைபோக்கி செய்த காரியம்

லண்டன் போன்ற துயரங்களுக்குப் பிறகு பல நாடுகள் தேர்ந்தெடுத்த தீர்வு: புகைபோக்கியை உயர்த்துவது. மூடிக்கு மேலே புகையை விட்டால் ஊருக்குள் இறங்காது என்பது கணக்கு. கனடாவின் சட்பரி நகரில் நிக்கல் உருக்காலைக்கு 1972-இல் எழுப்பிய புகைபோக்கியின் உயரம் 381 மீட்டர். ஊருக்குள் காற்று தெளிந்தது. அந்த அளவில் கணக்கு சரிதான்.

ஆனால் உயரத்தில் காற்று வேகமாகப் போகும். கந்தக டை ஆக்சைடு முழுவதும் அமிலமாக மாறுவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் பல நூறு கிலோமீட்டர், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் கடந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் விட்டிருந்தால் அருகிலேயே படிந்திருக்கும் வாயுவுக்கு, அமிலமாக மாறத் தேவையான நேரத்தையும் தூரத்தையும் நாமே கொடுத்தோம்.

1967-இல் ஸ்வீடன் மண்ணியலாளர் ஸ்வாண்டே ஓடென், தன் நாட்டு ஏரிகள் புளித்துப்போவதற்குக் காரணம் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் காற்றில் வரும் கந்தகம் என்று நாளிதழில் எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. ஒரு நாட்டுப் புகை இன்னொரு நாட்டு ஏரியைக் கொல்லுமா என்று கேட்டவர்கள் பலர். அளந்து பார்த்ததில் கொல்லும் என்று தெரிந்தது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் ஸ்வீடன் இதை உலகின் முன் வைத்தது. 1979-இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசுக்கென ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

## ஒரே மழை, இரண்டு ஏரிகள்

ஒரே அளவு அமில மழை விழுந்தும் ஓர் ஏரி செத்துப்போகும், பக்கத்து மாநிலத்து ஏரிக்கு ஒன்றும் ஆகாது. இதற்குப் பதில் தரையில் இருக்கிறது.

மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தை முறிக்கும். அதை மண்ணின் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பாறை நிறைந்த பகுதியில் கையிருப்பு ஏராளம். எவ்வளவு அமிலம் வந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஸ்காண்டிநேவியாவிலும் கிழக்குக் கனடாவிலும் கிரானைட் பாறை மேல் மெல்லிய மண் போர்வைதான். கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். தீரும் வரை ஏரியில் பெரிய மாற்றம் தெரியாது. தீர்ந்த பிறகு பி.எச். மளமளவென்று சரியும். அதனால்தான் 'போன வருடம் வரை நன்றாகத்தானே இருந்தது' என்று எல்லோரும் திகைத்தார்கள்.

மீனைக் கொல்வது அமிலம் மட்டுமல்ல. மண்ணில் அலுமினியம் எப்போதும் உண்டு. நடுநிலை நீரில் அது கரையாமல் களிமண்ணோடு கிடக்கும். நீர் அமிலமானால் கரைந்து ஏரிக்கு வரும், மீனின் செவுள்களில் படிந்து மூச்சை அடைக்கும். பி.எச். 5 ஆகும்போது பெரும்பாலான மீன்களின் முட்டைகள் பொரிவதில்லை. தவளை 4 வரைகூடத் தாங்கும். ஆனால் அது தின்னும் சில பூச்சிகள் 5.5-லேயே அழிந்துவிடும். இப்படிப்பட்ட ஏரியின் நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அழகான நீலம். உயிர் குறைந்துபோனதால் வந்த தெளிவு அது.

காட்டில் நடப்பது வேறு. மரத்துக்குத் தேவையான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அமிலம் மண்ணிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். மரம் உடனே விழாது. ஊட்டம் குறைந்து, குளிரையும் பூச்சியையும் வறட்சியையும் தாங்க முடியாமல் பிறகு விழும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் ஜீன் லைகன்ஸ் குழுவினர் 1963 முதல் மழையையும் ஓடை நீரையும் அளந்து வந்ததால்தான் இது தெளிவாயிற்று.

கல்லுக்கும் இதே கதி. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒன்றுதான். கந்தக அமிலம் பட்டால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறும்; ஜிப்சம் நீரில் கரையும், உதிரும். சிலையின் மூக்கும் விரலும் முதலில் மழுங்கும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் தூணாக நின்ற 5 பெண் சிலைகளை 1970களின் இறுதியில் அருங்காட்சியகத்துக்குள் கொண்டு போய், அவை நின்ற இடத்தில் நகல்களை நிறுத்த வேண்டி வந்தது. ஆனால் எல்லாப் பளிங்குக் கறையும் அமில மழையால் வந்ததல்ல. தாஜ்மகால் மஞ்சளாவதை அமில மழையின் கணக்கில் எழுதுவது வழக்கம். அதன் மேற்பரப்பில் படிந்ததை ஆராய்ந்த இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் நிறமாற்றத்துக்குக் காரணமாகக் கண்டது கரித்துகளும், குப்பை, சாணம் போன்றவை எரிவதால் வரும் பழுப்புக் கார்பனும், புழுதியும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: வட இந்தியா போன்ற புழுதி மிகுந்த பகுதிகளில் சுண்ணாம்புச் சத்துள்ள மண்தூசி காற்றிலேயே அமிலத்தை முறித்துவிடுவதால் மழை அவ்வளவு புளிப்பதில்லை. அதை வைத்து அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பெரிய பிழை. வாயு அங்கேயும் இருக்கிறது, துகளாக மூச்சில் போகிறது.

## எப்படிக் குறைப்பது

சரி, வெளியே வந்த மாசைப் பிடிக்க முடியுமா? பெரிய வடிகட்டிக் கோபுரங்கள் பற்றி அடிக்கடி பேச்சு எழும். ஒரு கணக்கு பார்ப்போம். 30 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம் உள்ள நகரத்தின் மேல் 500 மீட்டர் உயரக் காற்றை எடுத்துக்கொண்டால் 45,000 கோடி கன மீட்டர். நொடிக்கு 1,000 கன மீட்டர் வடிகட்டும் கோபுரம் ஒன்று அதை ஒரு முறை சுற்றி முடிக்க 14 ஆண்டுகள் ஆகும். அதற்குள் காற்று எத்தனை ஆயிரம் முறை மாறியிருக்கும்! அந்தப் பணத்தை மாசு பிறக்கும் இடத்தில் செலவழிப்பதே சரி என்று உறுதியாக நினைக்கிறேன்.

பிறக்கும் இடத்தில் செய்யக்கூடியவை நன்றாகவே தெரிந்தவை. ஆலைப் புகையிலிருக்கும் சாம்பலுக்கு மின்னூட்டம் கொடுத்து, எதிர் மின்னூட்டத் தகட்டில் ஒட்ட வைக்கும் நிலைமின் வடிகட்டி நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அது துகளை மட்டுமே பிடிக்கும்; கந்தக வாயு தாராளமாக வெளியே போகும். 'எங்கள் புகைபோக்கியில் புகையே வருவதில்லை' என்ற பேச்சை இதை மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். கந்தகத்துக்குத் தனிக் கருவி வேண்டும்: சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையின் மேல் பொழிந்தால் வாயு அதில் சிக்கி ஜிப்சமாகிவிடும். 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடலாம், கிடைக்கும் ஜிப்சம் கட்டடப் பலகைக்கு உதவும். சிலையை அரித்த அதே வேதிவினையை ஆலைக்குள்ளேயே நடத்திவிடுகிறோம்.

வாகனத்தில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற கலன் இருக்கிறது. பிளாட்டினம் வகை உலோகப் பூச்சின் மேல் புகை பட்டுப் போகும்போது நைட்ரஜன் ஆக்சைடு மறுபடி சாதாரண நைட்ரஜனாகவும், கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். ஈயம் ஒழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் எரிபொருளிலேயே கந்தகத்தை எடுத்துவிடுவது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கும் டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. கப்பல் எண்ணெய்க்கு அதே ஆண்டு உலகம் முழுக்க வரம்பு இறுக்கப்பட்டது, 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக. இறுக்கிய பிறகும் அது டீசலைவிட 500 மடங்கு.

சட்டம் இல்லாமல் இந்தக் கருவி எதுவும் தானாகப் பொருத்தப்படவில்லை. அமெரிக்கா 1990-இல் மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் கந்தகத்துக்கு மொத்த வரம்பு போட்டு, பங்கைப் பிரித்துக் கொடுத்தது. குறைவாக வெளியிட்டவர் மிச்சப் பங்கை மற்றவருக்கு விற்கலாம். ஒவ்வொரு புகைபோக்கியிலும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்ததால் ஏமாற்ற வழியில்லை. அங்கே மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. ஐரோப்பாவிலும் 1980-உடன் ஒப்பிட்டால் 80 சதவீதத்துக்கு மேல் குறைவு. சீனா இந்த நூற்றாண்டில் இதே வழியில் வேகமாகக் குறைத்தது.

தனி ஆளாக நாம் செய்யக்கூடியது குறைவு. மோசமான நாட்களில் அதிகாலை ஓட்டத்தைத் தவிர்க்கலாம், மூடி விலக வெயில் ஏற வேண்டும். என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி இருந்தால் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. துணிக் கவசம் பி.எம். 2.5-க்குப் போதாது. குப்பையை எரிக்காமல் இருப்பது நிச்சயம் நம் கையில் இருக்கிறது.

## வானம் தேறியது, மண் இன்னும் தேறவில்லை

கருவி பொருத்திய சில ஆண்டுகளிலேயே மழையின் பி.எச். ஏறத் தொடங்கிவிடும். சட்பரியைச் சுற்றியிருந்த ஏரிகளில் பலவற்றுக்கு மீன் திரும்பியிருக்கிறது. ஆனால் மண்ணிலிருந்து கழுவிக்கொண்டு போன கால்சியம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வராது. பாறை மெல்லச் சிதைந்து அந்தக் கையிருப்பை மறுபடி சேர்க்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஹப்பர்ட் புரூக்கில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் 1999-இல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் தாதுவைத் தூவிப் பார்த்தார்கள். அங்கிருந்த மரங்கள் தேறின. எல்லாக் காட்டுக்கும் அப்படிச் செய்ய முடியாது. மழை எவ்வளவோ சரியாகிவிட்ட பிறகும் நார்வே தன் தென்பகுதி சால்மன் ஆறுகள் பலவற்றில் சுண்ணாம்புத் தூளை ஆண்டுதோறும் கலந்துகொண்டிருக்கிறது.